காய்ச்சலை விரட்டவா, வரவழைக்கவா?

போன மாசம் குமுளியிலிருந்து அப்பா போன் பண்ணினார். "பச்சப்பிள்ளைக்குப் போடுற பி.சி.ஜி.யை எனக்கு எதுக்குடா குடுக்குறாங்க? ராத்திரி பூரா காய்ச்சல்!"

அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய், ஆரம்ப நிலை. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை என்று ஆறு வாரத்துக்கு பி.சி.ஜி.யைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். ஏலக்காட்டு மலேரியாவுக்குத் தன் அப்பாவைப் பறிகொடுத்த மனுஷன். காய்ச்சல் என்றாலே பயம்.

நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு என்னால் முடிந்தது படிப்பதுதான். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் தினமும் வேலைக்குப் போகிற நியூயார்க்கில்தான் கதை ஆரம்பம். 1891 ஜனவரியில் ஓர் இளம்பெண்ணை எலும்புப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் வில்லியம் கோலி, ஆஸ்பத்திரியின் பழைய குறிப்புகளைப் புரட்டினார். ஸ்டெயின் என்றொரு ஜெர்மன் குடியேறி. கழுத்துக் கட்டி, அறுக்க அறுக்க மறுபடி வளர்ந்தது. நடுவில் ஒரு தோல் தொற்று, கடும் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது கட்டியும் கரைந்திருந்தது! கோலி குடியேறிகளின் தெருக்களில் வீடு வீடாக அலைந்து அவரைக் கண்டுபிடித்தார். ஏழு வருஷம் கழித்தும் ஆள் நலம்.

உடனே கோலி உயிருள்ள கிருமியையே நோயாளிகளுக்கு ஏற்றினார். சிலர் தேறினார்கள், சிலர் தொற்றிலேயே இறந்தார்கள். பிறகு செத்த கிருமிகளுக்கு மாறினார். காய்ச்சல் நன்றாக ஏறினால்தான் பலன் என்று நம்பினார். ஆனால் பலன் எல்லோருக்கும் ஒரேமாதிரி இல்லை. கதிர்வீச்சு வந்தது. 1936-ல் அவர் மறைந்தபின் அந்த மருந்தும் மெல்ல ஒதுங்கியது.

எண்ணம் சாகவில்லை. 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்த காசநோய்த் தடுப்பு மருந்து பி.சி.ஜி. நம்ம கிண்டியில் 1948-லேயே அதற்கென்று ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. 1976-ல் கனடாவில் மொராலஸ் குழு, அது ஆரம்ப நிலைச் சிறுநீர்ப்பைப் புற்று திரும்ப வருவதைக் குறைப்பதாக எழுதியது. இன்றைக்கும் அதுதான் முக்கிய சிகிச்சை.

அப்படியானால் காய்ச்சல்தான் மருந்தா? இல்லை. உடம்பின் காவல்படை விழித்துக்கொண்டதற்கு அடையாளம், அவ்வளவே. கருவி வைத்துக் கட்டியைச் சூடாக்கி, கூடவே கதிர்வீச்சு கொடுக்கும் முறை தனியாக இருக்கிறது. வீட்டு ஒத்தடம் அதுவாகாது. இன்னொன்று: பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. காய்ச்சல் ரொம்ப ஏறினாலோ, இரண்டு நாளில் அடங்காவிட்டாலோ டாக்டரிடம் ஓடவேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார். "ஏழு வருஷம் கழிச்சு வீடு தேடிப் போய்ப் பாத்தாராக்கும் அந்த டாக்டரு?"

சுருக்கென்றது. ஆறாவது வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.