ஒரே மென்பொருள், பல யுனிக்ஸ்கள்: பேக்கேஜ்சோர்ஸின் கதை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான் தொடங்கி திருவைகுண்டம் வரை எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே தண்ணீர்தான். ஆனால் வாய்க்கால் வெட்டியவர்கள் அந்தந்த இடத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் மென்பொருள் நிறுவும் கதையும் ஏறக்குறைய இதேதான்!

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973-ல் அது சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் வேறு வேறு கணினிகளுக்கு அதைக் கொண்டு செல்வது எளிதானது. ஆனால் கொண்டு சென்ற ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி மாற்றினார்கள். ஓரிடத்தில் இருக்கும் ஹெடர் கோப்பு இன்னோர் இடத்தில் இருக்காது. ஒரே பெயருள்ள கட்டளை வேறு மாதிரி வேலை செய்யும். ஆகவே சோலாரிஸில் ஓடும் நிரலை லினக்ஸில் கம்பைல் செய்தால் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி வரும். ஒருவர் இரவெல்லாம் விழித்துத் திருத்துவார். அடுத்த ஊரில் இன்னொருவர் அதே பிழையை முதலிலிருந்து திருத்துவார்.

இந்த வீண் உழைப்பைக் குறைக்க 1993-94-ல் ஃப்ரீபிஎஸ்டி குழுவின் ஜோர்டன் ஹப்பார்ட் 'போர்ட்ஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து கிளைத்து 1997-ல் நெட்பிஎஸ்டியில் பிறந்ததுதான் பேக்கேஜ்சோர்ஸ். அலிஸ்டர் குரூக்ஸும் ஹூபர்ட் ஃபெய்ரரும் அதன் முன்னோடிகள். நெட்பிஎஸ்டியில் 'போர்ட்' என்றால் ஒரு வகைக் கணினிக்காக ஆக்கப்பட்ட இயங்குதளம் என்று பொருள். குழப்பம் வரக்கூடாது என்றுதான் இதற்கு வேறு பெயர்!

விரைவிலேயே இது சோலாரிஸுக்கும் சென்றது. பிறகு லினக்ஸ், மேக் என்று பட்டியல் நீண்டது. இன்று 20-க்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் இது ஓடுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறிய அடைவு உண்டு. மூலநிரல் எங்கே கிடைக்கும், எந்தெந்த நூலகங்கள் தேவை என்பதை மேக்ஃபைல் சொல்லும். இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்கள் இன்னொரு கோப்பில் இருக்கும். யாரோ ஒருவர் கண்டுபிடித்த திருத்தங்கள் 'பேட்ச்' கோப்புகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை திருத்தியது எல்லோருக்கும் பயன்படும்.

ஆனால் இதை ஓட்டவே பிஎஸ்டி வகை 'மேக்' கருவி வேண்டும். லினக்ஸில் இருப்பதோ க்னூ 'மேக்'. அதனால்தான் முதல் படியாக 'பூட்ஸ்ட்ராப்' என்ற ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அது கணினியில் உள்ள சி கம்பைலரைக் கொண்டு தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே கட்டிக்கொள்ளும்.

இதில் முக்கியமான வசதி ஒன்று உண்டு. நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமலே, பயனர் தன் சொந்த அடைவுக்குள் எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகக் கணினியில் ஒரு கருவி வேண்டுமென்றால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இணையம் இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. எந்தக் கோப்புகள் வேண்டும் என்ற பட்டியலை இதுவே தயாரித்துக் கொடுக்கும். வேறிடத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வந்தால் போதும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இப்படித் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் பல வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது. டெபியனின் தொகுப்பு முறை மிக வசதியானதுதான். ஆனால் பதிப்பு பழசாகி அதன் களஞ்சியம் நின்றுபோனால் புதிய மென்பொருள் கிடைப்பது கடினம். அந்த நிலையில் மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ளும் இதுபோன்ற முறை ஒரு மாற்று வழியாகிறது.

குறையும் உண்டு. பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்யப் பழைய கணினியில் ஓர் இரவே போய்விடலாம். கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தையே மறுபடி கட்டுவதும் நடக்கும். எல்லா வசதியும் எல்லாருக்கும் தேவைப்படாது என்பதும் உண்மை.

ஆனாலும் 1997-லிருந்து இந்த முறை உயிரோடு இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள், தாங்கள் பட்ட சிரமத்தை அடுத்தவர் படக்கூடாது என்று எழுதி வைக்கிறார்கள். வாய்க்காலை வெட்டியவர் யாரென்று தெரியாமலே அதன் தண்ணீரில் நெல் விளைகிறது. இங்கேயும் அப்படித்தான்!