இலட்சத்தீவுப் பொருளாதாரத்தில் கயிறும் அரிசியும்

அரபிக்கடலில் கேரளக் கரைக்கு மேற்கே சிதறிக் கிடக்கும் இலட்சத்தீவுகளின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் ஆகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 64,473 பேர் வாழ்ந்தனர். பவள மணலில் தென்னை செழிக்கும், நெல் விளையாது. தீவுகளின் பொருளாதார வரலாறு இவ்வியற்கை நிலையிலிருந்தே தொடங்குகிறது.

தேங்காய் மட்டையைக் கடலோரத்தில் புதைத்து ஊறவைத்து, அடித்து நாரெடுத்துக் கயிறாகத் திரிப்பது பெரும்பாலும் பெண்களின் உழைப்பாக இருந்தது. அக்கயிற்றை ஓடங்களில் ஏற்றி மங்களூர், கண்ணூர்த் துறைகளுக்குக் கொண்டுசென்று அரிசியுடன் மீள்வது ஆண்களின் பணி. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கடற்பயணம் தடைப்படும். எனவே மழைக்கு முன் வந்துசேரும் அரிசியே குடும்பத்தின் காப்பாக அமைந்தது.

இப்பண்டமாற்று தடையற்ற சந்தையில் நிகழவில்லை. தீவுகளை ஆண்ட கண்ணூர் அறக்கல் அரசகுடியினர் கயிற்று வணிகத்தைத் தம் தனியுரிமையாக்கினர். கயிற்றை வாங்குவோரும் அதற்கு ஈடான அரிசியின் அளவை வகுப்போரும் அவர்களே ஆயினர். 1787இல் அமினி முதலிய வடதீவினர் அறக்கல் ஆட்சியை உதறித் திப்பு சுல்தானைச் சார்ந்தனர். இந்நிகழ்வை ஆட்சி மாற்றமாக மட்டுமன்றி, உழைப்பின் விலை குறித்த எதிர்ப்பாகவும் கொள்ளுதல் பொருந்தும்.

1799இல் திப்பு வீழ்ந்தபின் வடதீவுகள் ஆங்கிலேயர் வசமாகிச் சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தோடு இணைந்தன. தென்தீவுகள் 1908ஆம் ஆண்டு உடன்படிக்கையால் முழுமையாக அவர்கள் கைக்கு வந்தன. ஆள்வோர் மாறினும் கயிற்றுக்கு அரிசி என்னும் முறை மாறவில்லை.

மினிக்காய்த் தீவின் நிலை சற்று வேறானது. அங்குச் சூரைமீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தும் மாசித் தொழில் வளர்ந்தது. மாசிக் கருவாடு தமிழர்க்கும் அறிமுகமானதே. அத்தீவின் ஆடவர் பலர் கப்பல்களில் மாலுமிகளாகவும் பணியாற்றினர். கயிறு ஒன்றையே நம்பியிராத வாழ்வுக்கு இவை வழிவகுத்தன.

1956இல் இத்தீவுகள் ஒன்றிய ஆட்சிப்பகுதியாயின. 1964இல் தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறியது. இயந்திரப் படகு மீன்பிடிப்பு, அரசுப்பணி, சுற்றுலா ஆகியன பின்னர் வருவாய் வழிகளாயின. எனினும் அரிசி இன்றும் கப்பலில்தான் வருகிறது.

கடல் தொலைவே தீவினரின் வறுமைக்குக் காரணம் என்னும் கருத்து முழுமையானதன்று. தொலைவு அவர்களைப் பிறரைச் சார்ந்திருக்கச் செய்தது. விலை வகுக்கும் உரிமை ஒருவர் கையில் குவிந்ததே அச்சார்பைச் சுரண்டலாக்கியது. தீவுகளுக்கென வகுக்கப்படும் எத்திட்டத்தையும், விலையை வகுப்பவர் யார் என்னும் இவ்வினாவைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.