எடைக்குறைப்பு அறுவையும் நெடுங்கால மனநிறைவும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 38.1 விழுக்காட்டினருக்கு மிகை எடையோ உடற்பருமனோ உண்டு. அவர்களுள் மருந்தும் பத்தியமும் பலிக்காத சிலருக்கு, இரைப்பையைக் குறுக்கும் 'ஸ்லீவ்', உணவின் பாதையை மாற்றும் 'பைபாஸ்' ஆகிய அறுவைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அவர்கள் பல்லாண்டு கழித்தும் நிறைவோடு இருக்கிறார்களா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. நிறைவின் ஏற்ற இறக்கம்

உடற்பருமன் உடையோரைப் பின்தொடர்ந்து சுவீடனில் 1987இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டோர் முதலிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடு. அறுவை செய்துகொண்டோரின் வாழ்க்கைத் தரமும் முதலாண்டில் உச்சம் தொட்டு, ஆறாம் ஆண்டுவரை மெல்லச் சரிந்து, பின் நிலைப்பட்டது. எனவே முதலாண்டுத் திருப்தியை நெடுங்காலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

3. அன்றாட அனுபவம்

3.1 உணவு: இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதியில் சர்க்கரை தூக்கலான டீ அன்றாடப் பழக்கம். பைபாஸ் செய்துகொண்டவர் அதைக் குடித்தால் சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். தட்டில் முட்டையும் பருப்பும் முதலில், சோறு கடைசியில் என்பது புதிய ஒழுங்கு. விருந்து வீட்டில் "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க" என்பவரிடம் மறுப்பதும் ஒரு பாடுதான்.

3.2 சத்துக்குறை: கல்லீரலில் பி12 சேமிப்பு இருப்பதால் அதன் குறை ஆண்டுகள் கழித்தே தெரியவரும். கால் மரத்துப்போவதை வயதின் மேல் போட்டுவிடுவது எளிது. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் தேவை.

3.3 பிற தொல்லைகள்: ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் கூடலாம், தொங்கும் தோல் தன்மதிப்பைக் குலைக்கலாம்.

4. எல்லைப்புறச் சிக்கல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்க்குக் கோவை எட்டும் தூரம். இடுக்கியின் மூணாறு, தேவிகுளம் பகுதியினரோ கொச்சிக்கோ கோட்டயத்துக்கோ நெடுந்தூரம் போகவேண்டும். அல்லது போடிமெட்டு இறங்கித் தேனிக்கு வரவேண்டும். இடுக்கியில் ரயில் பாதையே இல்லை. தினக்கூலிக்காரருக்கு ஒரு செக்கப் என்பது ஒரு நாள் கூலி இழப்பு. அறுவை ஒரு மாநிலத்தில், காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவர் இன்னொன்றில் என்றால் நோயாளியின் கோப்பு இருவரிடமும் முழுமையாக இராது. உடல் தேறியவர் செக்கப்பை நிறுத்துவதும், சத்துக்குறை தலைகாட்டுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நேர்கின்றன.

5. முடிவு

நெடுங்கால நிறைவுக்கு அறுவையின் நேர்த்தியோடு தொடர்கவனிப்பும் வேண்டும். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள தாலுகா மருத்துவமனையிலேயே செய்து, முடிவை அறுவை செய்த இடத்துக்கு அனுப்பலாம். உணவுக் குறிப்பைத் தமிழிலும் தரவேண்டும். மனநிறைவை முதலாண்டோடு ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளிலும் அளக்கவேண்டும். செக்கப்புக்கு வருவதை நிறுத்தியவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு, வந்தவர்களின் திருப்தியை மட்டுமே காட்டும்.