புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆடவர் கால்பந்து அணி

காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்தின் சார்பில், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடும் பதினொருவர் அணி. வளாக மாணவரோடு இணைப்புக் கல்லூரி மாணவரும் தேர்வுக்கு உரியர். வில்லியனூர், பாகூர் கொம்யூன் (ஊரக உள்ளாட்சிப் பகுதி) இளைஞர் லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி (1961) போன்றவற்றில் பயின்று அணித் தேர்வுக்கு வரலாம். கிராமப்புற ஆட்டக்காரருக்கு ஊரிலிருந்து கல்லூரிக்குள்ள தொலைவு சிறு தடையன்று.

இப்பல்கலைக்கழகம் தோன்றுமுன் புதுவைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தையும், மலபார் கரையிலுள்ள புதுவைப் பகுதியான மாஹேயின் கல்லூரி கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்திருந்தன. மலபாரின் கால்பந்து மரபு மாஹே வழியே இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தது; பிற புதுவைப் பகுதிகளுக்கு வாய்க்காத பேறு அது. தத்தம் மண்டலச் சுற்றில் (இவ்வணிக்குத் தென்மண்டலம்) முன்னிலை பெறும் அணிகளே அகில இந்தியச் சுற்றில் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்காக ஆடும்.