சேலையும் நடையும்

நம் தாய்மாரின் காலத்தில் அளவெட்டியின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் களை பிடுங்கிய பெண்ணும் சேலையே உடுத்தாள். அதே ஊரின் ஒழுங்கை வழியே பாடசாலைக்குச் சென்ற ஆசிரியையும் சேலையே உடுத்தாள். முன்னவள் பழைய நூற்சேலையை முழங்காலளவுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்புகளைத் தாண்டினாள். பின்னவள் கஞ்சியிட்ட சேலையின் கொய்யகத்தை ஒரு கையால் பற்றியபடி அடியளந்து நடந்தாள். சேலை ஒன்று, நடை இரண்டு. இவ்வேறுபாட்டை நாணம் என்றும் அடக்கம் என்றும் கூறி முடித்துவிடுவது வழக்கம். துணியின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

துணிக்கென ஓர் இயல்பு உண்டு. பருத்தி வியர்வையை உறிஞ்சும். இடுப்பில் வழுக்காமல் நிற்கும். ஆனால் நனைந்தால் கனத்துக் காலைத் தடுக்கும். பட்டு வழுக்கும் தன்மையது. அதனை உடுத்தவளின் கவனத்தில் ஒரு பங்கு எப்போதும் முந்தானையிலேயே இருக்கும். செயற்கை இழை இலேசானது, விரைவில் உலர்வது. எனினும் வெயிலில் உடலோடு ஒட்டும், தீப்பட்டால் உருகித் தோலைப் பற்றும். ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமுள்ள துணி எவ்விழையால் ஆனது என்பதைப் பொறுத்தே, அதை உடுத்தவள் கையை வீசி நடப்பதும் ஒடுங்கி நடப்பதும் பெரிதும் அமைகின்றன. ஆயின், எந்தத் துணியை எவள் உடுத்தலாம் என்பதைத் தீர்மானித்தவர் யார்? வரலாற்றின் வினா இதுவே.

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு நிலத்தையும் கிணற்றையும் மட்டுமன்று, துணியையும் பங்கிட்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதும் முந்தானையைத் தோளில் இடுவதும் குற்றமாகக் கருதப்பட்டன. குறுக்குக்கட்டோடு நிற்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்டது. தோளில் துணி இல்லாதவள் நிமிர்ந்து நடக்கத் துணியாள். கைகளை மார்போடு அணைத்து, தெருவோரம் ஒதுங்கியே செல்வாள். அந்த ஒடுக்கத்தைப் பின்னர் 'பணிவு' எனப் புகழ்ந்தவர்களும் அதை விதித்தவர்களே.

கடலுக்கு அப்பால் இக்கொடுமை அரசாணையாகவே எழுதப்பட்டிருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். 1829 ஆம் ஆண்டின் ஆணை, மேற்குலப் பெண்களைப்போல் மேலாடை அணிவதை அவர்களுக்குத் தடுத்தது. கலவரங்களின் பின்னர் 1859 ஜூலை 26 ஆம் நாள் வெளிவந்த ஆணை மார்பை மறைக்க இடமளித்தது. எவ்வாறு? குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது! உடலை மறைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்த அரசு, துணியின் தரத்தையும் அதை உடுத்தும் விதத்தையும் கைவிடவில்லை. மேல்கீழைத் தொலைவிலிருந்தே கண்டறிய வேண்டுமல்லவா?

நமது அயலுக்கு மீள்வோம். 1816 இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். அங்கே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. சட்டையைத் தன் கையாலேயே தைக்கக் கற்ற பெண், தன் உடலுக்கு ஏற்ற அளவைத் தானே வகுக்கலானாள். சிறிய செயலாயினும் அதன் பொருள் பெரிது.

1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். உடுவிலிலும் இராமநாதன் மகளிர் கல்லூரியிலும் மாணவிகளிடையே பேசினார். 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் இளைஞர்கள் கதரை விரும்பி அணிந்தனர்; தீண்டாமையையும் கண்டித்தனர். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். 1859 இல் இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்ட அதே முரட்டுத் துணி, 1927 இல் தலைநிமிர்வின் அடையாளமாயிற்று. முன்னது பிறர் சுமத்தியது. பின்னது தாமே தெரிந்தெடுத்தது. ஆயினும் தெரிந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா? சட்டையே மறுக்கப்பட்டவளுக்குக் கதரும் பட்டும் ஒன்றே. அவ்வுரிமை, 1966 அக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும் 1968 இன் மாவிட்டபுரத்தையும் போன்ற போராட்டங்களாலேயே ஈட்டப்பட்டது. அவ்விடங்கள் அளவெட்டிக்குத் தொலைவானவை அல்ல.

இயந்திரமும் தன் பங்கைச் செய்தது. நைலெக்ஸ் சேலை வந்தபோது ரசிகர்கள் முகஞ்சுளித்தனர். ஆனால் கஞ்சியும் கட்டாடியும் வேண்டாத அச்சேலை, கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கும் எழுதுவினைஞருக்கும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத் தந்தது. துணியைக் கண்டு குலத்தைக் கூறுவது கடினமாயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கைத்தறி தழைத்தது; பின்னர் வந்த திறந்த பொருளாதாரத்தில் செயற்கையிழை குவிய, தறிகள் ஓய்ந்தன. நெசவாளியின் வாழ்வை நசுக்கிய அதே சந்தை, ஏழைப் பெண்ணுக்கு மலிவான சேலையைத் தந்தது. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு நாம் வரலாறு பேச இயலாது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதானபோது, நம் ஆசிரியைகள் துவிச்சக்கர வண்டியில் சேலையோடு சென்றனர். முந்தானையை இடுப்பில் செருகி, கொய்யகம் சங்கிலியில் சிக்காதவாறு ஒருபுறம் ஒதுக்கி மிதித்த அவர்களுக்கு இலேசான துணியே துணையாயிற்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் பொருத்தமான எளிய உடையில் கடமைக்கு வரலாம் எனச் சுற்றறிக்கை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோதோ, சேலை விதியில் மாற்றமில்லை என்றது கல்வி அமைச்சு. சேலை அழகிய உடை. அதை மறுப்பார் இலர். ஆனால் அதை விதித்தவர்களுள் எத்தனைபேர் அதனை உடுத்து, மாரிகாலத்து ஒழுங்கையில் வண்டி மிதித்திருக்கிறார்கள்?

மெல்லிய துணியும் தன்னம்பிக்கை தரும். முரட்டுத் துணியும் தரும். கட்டளையால் உடுத்த துணி எதுவாயினும் தராது. வகுப்பில் நம் முன்னே அமர்ந்திருக்கும் மாணவிகளுக்கு நடையில் அடக்கம் கற்பிக்குமுன், அவர்களுடைய பாட்டிமார் ஒரு முழத் துணியைத் தோளில் இடுவதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை நாம் கற்பிப்போமாக.