இறுதிப் பேச்சாளரும் கற்பனைப் பேச்சாளரும்: கிளிங்கொன் மொழியின் முன்வரலாறு

ஸ்டார் டிரெக் திரைக்கதைகளில் வரும் கிளிங்கொன்கள் மனிதர் அல்லர். வேற்றுக்கோளில் வாழ்வதாகக் கற்பிக்கப்பட்ட போர்க்குணம் மிக்க உயிரினத்தவர். அவர்களுக்கென ஆக்கப்பட்ட மொழியின் வரலாற்றைப் பலரும் 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு நடிகர் ஜேம்ஸ் டூஹன் அமைத்துத் தந்த சில ஒலித்தொடர்களிலிருந்தோ, 1984ஆம் ஆண்டுப் படத்திற்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் அவற்றை இலக்கணமுள்ள மொழியாக விரித்ததிலிருந்தோ தொடங்குவர். அதனை 1929ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவிலிருந்து தொடங்குவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சான் வான் பவுத்திஸ்தா வட்டாரத்துப் பழங்குடியினரின் மொழி முட்சுன். அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மூதாட்டியாகிய அசென்சியோன் சொலோர்சானோ நோயுற்றிருந்த வேளையில், ஆய்வாளர் ஜான் பீபாடி ஹாரிங்டன் அருகிருந்து சொல் சொல்லாகக் குறித்துக்கொண்டார். மூதாட்டி 1930இல் மறைந்தார். அக்கையெழுத்துக் குறிப்புகளையும் முற்காலச் சமயப் பணியாளரின் பதிவுகளையும் கொண்டே ஓக்ராண்ட் 1977இல் பெர்க்லியில் முட்சுன் இலக்கணத்தைத் தம் முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதினார். பேசுவோர் ஒருவரையும் கேளாமல் ஒரு மொழியின் அமைப்பை உய்த்துணர்தல் அவருக்குக் கைவந்த பயிற்சி.

கிளிங்கொன் முட்சுனிலிருந்து சொற்கடன் பெற்றது என்பதன்று நம் வாதம்; பெற்றது ஆய்வு மனப்பாங்கு. மனித மொழிகளின் பொதுப்போக்கை அறிந்தவரே அதனைத் திட்டமிட்டு மீற இயலும். ‘வண்டி’ என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் டகரம் கிளிங்கொனில் உண்டு. ஆனால் அதற்கு இணையான ஒலிப்பிலா நாமடி ஒலி இல்லை. ‘நூலைப் படித்தான் மாணவன்’ என்பது தமிழில் நடைக்காக மாறிய வரிசை. கிளிங்கொனிலோ அதுவே இயல்பு வரிசை. வினையின் பின் வரும் ஒட்டுகள் ஒன்பது வகையாக நிரல்பட அடுக்கப்படுவது தமிழாசிரியர்க்கு வியப்பளிக்காது. ‘இரு’ எனும் வினையை வேண்டுமென்றே விலக்கிய ஓக்ராண்ட், 1991ஆம் ஆண்டுப் படத்தில் ஹாம்லெட் தனிமொழியின் முதலடி தேவைப்பட்டபோது ‘தொடர்’ என்னும் பொருளுடைய வினையைக் கொண்டு ஈடுசெய்தார்.

இங்கு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. தம் கிளிங்கொன் தரவுகளெல்லாம் மால்ட்ஸ் என்னும் கைதி தந்தவை என ஓக்ராண்ட் கூறுவது வழக்கம். நடிகர் தவறாக ஒலித்தாலும் அவர் பல வேளைகளில் நடிகரைத் திருத்தாமல் இலக்கணத்தைத் திருத்தினார். தகவலாளர் கூறியதே சான்று என்பது களப்பணியின் நெறியன்றோ! விளையாட்டாகவே கொண்டாலும், ஒற்றைத் தகவலாளரை நம்பிய முட்சுன் ஆய்வின் நிழல் இதில் படிந்துள்ளது.

பின்வரலாறு பலரறிந்தது: 1992இல் கிளிங்கொன் மொழிக் கழகம், 1996இல் ஹாம்லெட் மொழிபெயர்ப்பு, 2018இல் டுவோலிங்கோ பாடம். முட்சுனின் பின்வரலாறு அத்துணை அறியப்படவில்லை. 1990களில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் மொழியை மீளக் கற்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு உதவிய நூல்களுள் ஓக்ராண்டின் ஆய்வேடும் ஒன்று. முட்சுன் அகராதி 2016இல் வெளிவந்தது. கிளிங்கொன் அகராதி வெளிவந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.