ஆற்காட்டுக் கல்லும் ஆயாவின் மோதிரமும்

கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் வடக்கே சிறுசேரி, தெற்கே திருப்போரூர், மேற்கே வண்டலூர். கிழக்கே திரும்பி உப்பளங்களைத் தாண்டினால் கோவளம். அந்தக் கோவளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் ‘சாதத் பந்தர்’ என்ற பெயரில் ஒரு கோட்டை கட்டினார். 1749இல் ஆம்பூர்ப் போரில் அவர் மாண்டார். கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் போய், 1752இல் கிளைவ் கையில் விழுந்தது. கோட்டையும் இல்லை, நவாபின் நாடும் இல்லை. ஆனால் அன்வருதீனின் மகன் முகமது அலி வாலாஜா கொடுத்தனுப்பிய இரண்டு வைரங்கள், காதணியாகி, கிரீடமாகி, கடைசியில் மோதிரமாகி, நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. பாட்டியின் மோதிரத்தை உடைத்து நிச்சயதார்த்த மோதிரமாகச் செய்ய நினைக்கிற குடும்பம் அந்தக் கற்கள் பட்ட பாட்டை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

கற்கள் கோல்கொண்டா வைரங்கள். வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியவர். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களிடம் கழுத்து மட்டும் கடன். அந்தக் கடன் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றினார். இப்படிப்பட்ட கடனாளிதான் 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்களைப் பரிசாக அனுப்பினார். பரிசு அவர் வம்சத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. 1795இல் அவர் இறந்தார்; 1801இல் நவாபின் நாடான கர்நாடகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

வந்தவற்றில் பேரிக்காய் வடிவக் கற்கள் இரண்டை அரசி காதில் போட்டுக்கொண்டார். 1818இல் அவர் இறந்தபோது, ஆற்காட்டு வைரங்களை விற்று நான்கு மகள்களுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். அம்மா நகை பெண்ணுக்கு என்பது நம் ஊர் நியாயம் மட்டும் இல்லை. ஆனால் மகன் நான்காம் ஜார்ஜ் தங்கைகளுக்குக் கொடுக்காமல் கற்களைத் தன் வசம் வைத்துக்கொண்டார். எழுதி வைத்த உயிலே அரண்மனையில் செல்லவில்லை என்றால், வாய்ச்சொல்லாக ‘இது அவளுக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிற நம் வீட்டுப் பாட்டிகளின் நகை என்ன ஆகும்?

1837இல் ஏலத்தில் கற்களை வாங்கியது வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பம். அங்கே அவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. 1930இல் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக், லோலியா பான்சன்பியை மணந்தார். அதே ஆண்டில் பாரிஸ் நகைக்கடையான லாக்லோஷ் இரண்டு ஆற்காட்டுக் கற்களையும் வைத்து, ஆயிரத்துக்கு மேல் சிறு வைரங்கள் சூழ, ஒரு தலையணி செய்தது. பழைய குடும்பக் கல், புது மணப்பெண், புது வடிவம். இந்த மாற்றத்தில் கல்லுக்குச் சேதம் இல்லை. உட்கார்ந்த இடம்தான் மாறியது.

சேதம் அடுத்த கட்டத்தில் வந்தது. டியூக் 1953இல் இறந்தார். வாரிசு வரி கட்டுவதற்காக 1959இல் தலையணி ஏலத்துக்கு வந்தது. 1,10,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர் நியூயார்க் வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டன். அவர் இரண்டு கற்களையும் பிரித்து, மறுபடி பட்டை தீட்டி, ஆளுக்கொரு மோதிரமாக விற்றார். பெரிய கல் 33.70 கேரட்டாக இருந்தது. ஒரு கேரட் 0.2 கிராம், ஆக அது ஒரு பவுன் எடைகூட இல்லை. தீட்டிய பிறகு அது 31 கேரட்டுக்கு வந்தது. சின்னது 23.65இலிருந்து 18.85ஆனது. பிறகு இன்னொரு முறையும் சாணைக்குப் போய், 2019இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்கப்பட்டபோது அதன் எடை 17.21 கேரட். அழகு கூட்டுவதற்காகவே கால் பங்குக்கு மேல் தூளாகிவிட்டது.

ஏன் தீட்டினார்கள்? பழைய இந்தியச் சாணைக்காரர்கள் கல்லின் எடை கெடாமல் பட்டை வெட்டினார்கள். வெளிச்சம் எந்தக் கோணத்தில் நுழைந்தால் முழுவதும் திரும்பி வரும் என்று மார்செல் டோல்கவ்ஸ்கி கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதியது 1919இல். அதற்குப் பிறகு வந்த கண்ணுக்குப் பழைய கல் மங்கலாகத் தெரிந்தது. மங்கலுக்கு வைத்தியம் எடைக் குறைப்பு. அது ஒருவழிப் பாதை. தீட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பழைய கல்லைப் புது மோதிரத்தில் வைத்த இன்னொரு உதாரணமும் லண்டனில் உண்டு. 1947இல் இளவரசர் ஃபிலிப், எலிசபெத்துக்குப் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தின் வைரங்கள் அவர் அம்மா ஆலிஸின் தலையணியிலிருந்து கழற்றியவை. ஃபிலிப் ஆன்ட்ரோபஸ் என்ற நகைக்கடை செய்து கொடுத்தது. அதே 1947இல்தான் வைரம் நிரந்தரமானது என்ற டி பியர்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற விளம்பர வாசகமும் எழுதப்பட்டது. வைரக்கல் பதித்த மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனது அந்த மாதிரி விளம்பரங்கள்தான். நம் பக்கம் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவது, வெற்றிலை பாக்கு, பத்திரிகை வாசிப்பது. பல குடும்பங்களில் மோதிரம் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. வந்த பிறகு அதுதான் மேடையின் நடுவில் நிற்கிறது.

கல்யாண மாதங்களுக்கு முன்னால் கூட்டு ரோட்டுப் பக்கத்து நகைப் பட்டறைகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அம்மாவும், சிறுசேரியில் வேலை பார்க்கும் மகனும் வந்திருப்பார்கள். சுருக்குப் பையிலிருந்து மோதிரம் வெளியே வரும். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்த வளையம். விரலுக்கு லூசாகிவிட்டதால் நூல் சுற்றியிருக்கும். நடுவில் ஒரு கல், அடிப்பக்கம் மூடின கட்டு.

“மாமியார் போட்டிருந்தது பத்தரே. வரப்போற மருமகளுக்கு நிச்சயத்துல போடணும்.”

பத்தர் நூலை அறுத்துவிட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுப் புருசால் தேய்ப்பார். எண்ணெயும் சோப்பும் கறுப்பாகக் கரைந்து வரும். “கல்லைக் கழட்டினாத்தான் எடை சொல்ல முடியும்மா. அடியில அரக்கு இருக்கும்.”

“கல்லோடயே வேலை பார்க்க முடியாதா அண்ணே?” என்பான் மகன்.

“ஊதுற சூட்டுல கல்லு மேல வெள்ளையாப் படிஞ்சிடும் தம்பி. அப்புறம் மறுபடி தீட்டணும்.”

பத்தர் சொல்வது சரி. வைரம் என்பது கரி. திறந்த காற்றில் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸில் அதன் மேற்பரப்பு எரியத் தொடங்கும். தூய தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். பற்றவைக்கும் தீ இந்த இரண்டுக்கும் நடுவில் விளையாடுவது. தீட்டினால் என்ன நடக்கும் என்பதை ஆற்காட்டுக் கல் காட்டிவிட்டது.

அடுத்த சண்டை தங்கத்தின் கேரட்டில், அதாவது மாற்றில், வரும். “பதினெட்டா? எங்க வீட்ல அதைத் தங்கம்னே சொல்ல மாட்டாங்க.” “இருபத்திரண்டு மெத்துனு இருக்கும்மா. நாலு கால் வச்சுக் கல்லை நிறுத்தினா நாளைக்கு வளைஞ்சிடும். கல்லு விழுந்தா என்னைத்தான கேப்பீங்க?” அம்மாவின் வெறுப்புக்கும் வரலாறு உண்டு. 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பை இழந்து தவித்தன. 1966இல் அந்தத் தடை விலகியது. 1968இல் சட்டமாகவே வந்த தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் ஒழிந்தது. மாற்றுக் குறைந்த தங்கத்தின் மேல் நம் வீடுகளுக்கு நல்ல நினைவு இல்லை.

ஆனால் கணக்கைப் பார்த்தால் பயப்பட வேண்டியது கேரட்டை இல்லை, எடையை. 8 கிராம் 22 கேரட் மோதிரத்தில் தூய தங்கம் சுமார் 7.33 கிராம். அதை 18 கேரட்டாக்கினால் செம்பும் வெள்ளியும் சேர்ந்து 9.77 கிராம் வரும். ‘எட்டுக்கு எட்டு கொடுத்துவிடுகிறோம்’ என்று யாராவது தாராளமாகச் சொன்னால், திரும்பி வருவது 6 கிராம் தூய தங்கம்தான், 1.33 கிராம் அங்கேயே தங்கிவிடும். சேதாரமும் செய்கூலியும் இதற்கு மேல் தனி. பழைய மோதிரத்தில் பற்றவைத்த பொடி இருப்பதால் மாற்று 916க்குக் கீழேயும் இருக்கலாம். அதனால் முதலில் மாற்றைச் சோதித்துக்கொண்டு பிறகு பேச வேண்டும்.

கடையில் மாற்றுவதற்கும் பட்டறையில் செய்வதற்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. கடையில் பழையதைப் போட்டால் அதற்கான மதிப்புதான் திரும்பி வரும். அந்தத் தங்கம் மற்றவர்கள் தங்கத்தோடு சேர்ந்து உருகிப் போய்விடும். கிடைக்கும் புது நகையில் முத்திரை சுத்தமாக இருக்கும்: 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் இல்லாமல், விலக்குப் பெற்றவை தவிர, தங்க நகை விற்கக் கூடாது. பட்டறையில் மூசையில் வெங்காரம் தூவி, உங்கள் மோதிரத்தை மட்டும் உங்கள் கண் முன்னால் உருக்கச் சொல்லலாம். முத்திரை முக்கியமா, அதே தங்கம் முக்கியமா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், தங்கத்தில் விட்டுக்கொடுக்கலாம். உருகிய பிறகு எந்தக் குன்றிமணி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கல் அப்படி இல்லை. அதன் எடை, அதன் பட்டை, உள்ளே இருக்கும் பொட்டு எல்லாம் ஆளை அடையாளம் காட்டும். தங்கத்தை உருக்குங்கள், கல்லைச் சாணைக்கு அனுப்பாதீர்கள். பழைய பட்டையின் மங்கலும் பாட்டி கொடுத்ததுதான்.

ஆற்காட்டுக் கற்களை இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிவதற்குக் காரணம் வடிவம் இல்லை. வடிவம் ஒவ்வொரு கையிலும் மாறியது. 33.70, 23.65, 18.85, 17.21 என்று ஒவ்வொரு முறையும் யாரோ எடையை எழுதி வைத்தார்கள்; யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று எழுதி வைத்தார்கள். நம் வீட்டு மோதிரத்துக்கும் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உடைப்பதற்கு முன் ஒரு போட்டோ. பத்தர் கொடுக்கும் சீட்டின் பின்புறம் நாலு வரி: மோதிரம் யாருடையது, தங்கம் எத்தனை கிராம், கல் எத்தனை கேரட், மருமகளுக்குக் கொடுக்க நாத்தனார்கள் சம்மதித்தார்களா. கடைசி வரியைச் சார்லட் அரசி வீட்டில் யாரும் மதிக்கவில்லை. அந்தச் சீட்டு மோதிரத்தோடு பெட்டியில் இருந்தால், முப்பது வருஷம் கழித்துப் பேத்தி அதை மறுபடி உடைத்து மூக்குத்தியாகச் செய்துகொண்டாலும், அது ஆயாவின் கல்தான் என்பதில் வழக்கு வராது.